சொல் கேளாத கை

கடைசியாக வெள்ளத்தாயை உயிரோடு பார்த்தபோது அவள் மினி பஸ்ஸின் கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கயத்தாறு கடைத்தெரு, காலை ஒன்பதே கால். அக்கா வீட்டுக்குப் போகிறாள். உள்ளே மூச்சுவிட இடமில்லாத கூட்டம். இடது கையால் வாசல் கம்பியைப் பிடித்திருந்தாள். வலது கை தொங்கியது, அதன் விரல்களில் ஒரு துணிப்பை. கீழே நின்ற புருஷன் தங்கப்பழத்துக்கு அந்த நிற்பே பிடிக்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் டிரில் வாத்தியாராக இருந்தவர். போட்டிகளுக்குப் பையன்களை வண்டியேற்றும்போது அவர் சொல்லும் முதல் பாடமே பை இடது கையில், கம்பி வலது கையில் என்பதுதான். “ஏட்டி, கையை மாத்திப் பிடி. வலது கையை யாருக்கும் வாடகைக்கு விட்டிருக்கியா?” என்று கத்தினார். உள்ளே யாரோ சிரித்தார்கள். அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகவோ கெஞ்சலாகவோ பார்த்திருந்தால் இத்தனை நாளில் மறந்திருக்கும். சும்மாதான் பார்த்தாள், மணி என்ன என்று சுவரைப் பார்ப்பதுபோல. பிறகு பையை இடது கைக்கு மாற்றினாள். அந்த இடது கையாலேயே வலது முழங்கையை அடியில் தாங்கி, மேலே ஏற்றி, விரல்களைக் கம்பியில் கொண்டுபோய் வைத்தாள், ஆணியில் ஒரு சாமானை மாட்டுகிற மாதிரி. கண்டக்டர் விசில் கொடுத்தான். தங்கப்பழம் திரும்பி டீக்கடைக்குப் போனார். டீ பாதி இருக்கும்போதே ஒருவன் ஓடி வந்தான். “சார்வாள், உங்க வீட்டம்மா...” என்றவன் மேலே சொல்லாமல் தன் மண்டையைத் தொட்டுக் காட்டினான். இரண்டாவது வளைவு. ஓடைப் பாலத்தின் கருங்கல்.

கருங்கல் என்று நினைத்ததும் தோள் குத்தியது. அல்லது தோள் குத்தியதால்தான் கல் நினைவுக்கு வந்ததோ என்னவோ. இப்போது அவர் சட்டையில்லாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். பாளையங்கோட்டையில் ஓர் எலும்பு டாக்டரின் அறை. டாக்டர் மெஹர்நிஷா அவருக்குப் பின்னால் நின்று தொடாமல் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதிரே மகள் அனுசுயா, மடியில் பைல். ஏசிக் காற்று நெஞ்சு மயிரைத் தடவிப்போகிறது. மகள் முன்னால் வெற்றுடம்போடு உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று, தொங்கிப்போன மார்பை அவள் பார்க்கிறாளா பார்க்காத மாதிரி இருக்கிறாளா. “வலது பக்கம் தோள்பட்டை எலும்புக்கு மேல சதை வத்தியிருக்கு, பள்ளம் தெரியுது பாருங்க” என்று டாக்டர் மகளிடம் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை. அவர் முதுகை அவரால் பார்க்க முடியாதே. அங்கே என்ன பள்ளம் இருக்கிறதோ, எத்தனை நாளாக இருக்கிறதோ. வெள்ளத்தாயின் முதுகை அவர் பார்த்ததுண்டு, அடிக்கிறபோது பார்த்ததுதான். ரவிக்கைக்கு மேலே அந்த இடம் குழிந்திருந்ததா? நினைவில்லை. பெல்ட் விழுந்த இடம்தான் நினைவிருக்கிறது. மூன்று வருஷமாக அவர் சொல்லிவருவது ஒரே வார்த்தை, தலைசுற்றல். சர்க்கரைக்காரி, காலையில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, தலைசுற்றி விழுந்துவிட்டாள். போலீஸிடம் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். அவள் அக்காவிடம் சொன்னார். அனுவிடம் சொன்னார். கையை மாற்றச் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று முதல் வருஷம் நினைத்தார். சொன்னால் அனு வருவதை நிறுத்திவிடுவாள் என்று இரண்டாம் வருஷத்திலிருந்து நினைக்கிறார். மாதம் இரண்டு முறை திருநெல்வேலியிலிருந்து வருகிறாள், குழம்பு வைத்து ஆற்றிப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் போகிறாள். அவரைப் பார்க்க வருகிற ஒரே ஆள் அவள்தான். அவளும் பேசுவது குறைவு. அப்பா, மாத்திரை. அப்பா, சிலிண்டர். அப்பா, வாரேன். அந்த மூன்று வார்த்தையும் நின்றுபோனால்?

“ரெண்டு கையையும் முன்பக்கமா தூக்குங்க சார். காதுவரைக்கும்.” தூக்கினார். இடது கை போனது. வலது கை தோள் உயரத்தைத் தாண்டுவதற்குள் உள்ளே யாரோ பிளேடால் கீறினார்கள், உடம்பு தானாக இடது பக்கம் சாய்ந்தது. “சாயாம, சார். நேரா.” நேரா. இது அவருடைய வார்த்தை. மைதானத்தில் நானூறு பையன்கள், புழுதி, விசில், ஆம்ஸ் அப்வர்டு ரைஸ், நேரா நில்லுல, எருமை. பையன்கள் அவருக்கு வைத்த பெயர் பிரம்புப்பழம். கழிவறைச் சுவரில் எழுதியிருந்ததை அவரே படித்தார், உள்ளூர ஒரு பெருமைகூட வந்தது. தாமதமாக வந்தவன் கொடிக்கம்பத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், ஒரு பீரியடு முழுக்க. கை இறங்கினால் முழங்கையின் அடியில் பிரம்பு. கை வலித்து இறங்குகிறது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை, திமிர் இறங்குகிறது என்றுதான் தோன்றும். மனசு வைத்தால் கை நிற்கும், நிற்காத கை என்று ஒன்று கிடையாது. இதை அவர் வேதம்போலச் சொல்லுவார். இப்போது மனசு வைத்தார். பல்லைக் கடித்து வைத்தார். நெற்றியில் வேர்த்தது. கை காதுக்குப் போகவில்லை. “போதும், இறக்கிருங்க” என்றாள் டாக்டர். போதும் என்று அவர் யாருக்காவது சொல்லியிருக்கிறாரா? ஒருத்தன், பெயர் மறந்துவிட்டது, கம்பத்தடியில் மூத்திரம் போய்விட்டான். அவனுக்கும் சொல்லவில்லை.

“இப்ப கையை இப்படிச் சாய்வா நீட்டி, கட்டைவிரல் கீழே பாக்கிற மாதிரி திருப்புங்க. டம்ளர்ல இருக்கிறதைக் கீழே கொட்டுற மாதிரி. முதல்ல நல்ல கை.” டாக்டர் மணிக்கட்டை மேலிருந்து அழுத்தினாள், அவர் எதிர்த்தார், இடது கை கல்லாக நின்றது. “இப்ப வலது. நான் அமுக்குவேன், விடாதீங்க.” அவள் சுண்டுவிரல் பலம்தான் கொடுத்திருப்பாள். கை மடங்கிக் கீழே போயிற்று. டம்ளரில் இருப்பதைக் கொட்டுகிற மாதிரி. வெள்ளத்தாய் கொட்டினாள். அவள் காப்பியை நீட்டும்போது பாதி வழியில் டம்ளர் கவிழும். அவர் அப்போதெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், கை நீட்டி வாங்க மாட்டார், பேப்பருக்கு மேலாக நீட்டி ஸ்டூலில் வைக்க வேண்டும். முதல் தடவை பேப்பர் நனைந்தது. இரண்டாம் தடவை தொடை வெந்தது. மூன்றாம் தடவை எழுந்தார். சண்டை போட்ட மறுநாள்தான் கொட்டுகிறாள் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். சண்டை போடாத நாள் எது என்று யோசிக்கவில்லை. “வேணும்னே கொட்டுதியா? எம்மேல உள்ள ஆத்திரத்தைக் காப்பியில காட்டுதியா?” அவள் சொன்னாள், “இல்லங்க. கை எம்பேச்சைக் கேக்க மாட்டேங்கு.” அவருக்குச் சிரிப்பு வந்தது, அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று இப்போது தெரிகிறது. “நீ எம்பேச்சைக் கேக்க மாட்டேங்க, உங்கை உம்பேச்சைக் கேக்க மாட்டேங்கு. நல்ல குடும்பம்ட்டி.” சொல்லிவிட்டு டம்ளரை எடுத்து எறிந்தார். அது அவள் புருவத்தில் பட்டுச் சுவரில் போய் மோதியது. சத்தம் சுவரில்தான் கேட்டது. இரத்தம் கண்ணுக்குள் இறங்க, அவள் குனிந்து இடது கையால் தரையைத் துடைத்தாள். இடது கை. ஏன் இடது கை என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை, பீச்சாங்கையால துடைக்கா பாரு மூதி என்று நினைத்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

“வலிக்குதா சார்?” வலிக்கிறது என்றார். பிறகு கேட்காமலேயே இன்னொரு தடவை, வலிக்கிறது என்றார். அனு நிமிர்ந்து பார்த்தாள். அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் இதற்குமுன் கேட்டதில்லை. டாக்டர் அவர் வலது கையைப் பின்னால் கொண்டுபோய்ப் புறங்கையை இடுப்பில் வைத்தாள். “இங்கிருந்து என் உள்ளங்கையைத் தள்ளுங்க. முதுகை விட்டுக் கை எழும்பணும்.” முதுகை விட்டுக் கை எழும்பவில்லை. அவருக்குத் தெரிந்தது அதற்கு நேர் எதிரான வேலை. முதுகுக்குப் பின்னால் கையை முறுக்கி மேலே ஏற்றுவது. இன்னும் ஒரு விரற்கடை, இன்னும் ஒரு விரற்கடை, எதிராளி குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கும்வரை. பையன்களுக்குச் செய்தது. அடுப்படியில் செய்தது. அவள் நுனிக்காலில் நிற்கும்போது அவர் மோவாய் அளவுக்கு உயரமாகிவிடுவாள், அவள் தலையிலிருந்து சீயக்காய் வாசனை வரும், அந்த வாசனை இந்த ஏசிக்குள் எப்படி வந்தது, டாக்டரின் தலையா, இல்லை. “சுகர் எத்தனை வருஷமா இருக்கு?” “எட்டு வருஷம்” என்றாள் அனு. “சுகர் உள்ளவங்களுக்கு இது அதிகம் வரும். தோளுக்குள்ள இருக்கிற தசைநாரு கயித்துல புரி நைஞ்சு போற மாதிரி நைஞ்சு போகும். அடி படணும்னு கூட இல்ல. வீட்ல வேற யாருக்கும் இப்படி இருந்துச்சா?” “அம்மாவுக்கு இருந்துச்சு” என்றாள் அனு. “வலது தோள்தான்.” “ஓ. காட்டினீங்களா?” “இல்ல டாக்டர்.” பைலின் மூலையை நகத்தால் நிமிண்டிக்கொண்டே சொன்னாள், “அப்பா டிரில் மாஸ்டர். அப்பாவே எக்ஸர்சைஸ் குடுத்தாங்க.”

எக்ஸர்சைஸ். எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறாள். பின்கட்டுச் சுவரில் அவர் சாக்பீஸால் கோடு போட்டார், இடுப்பிலிருந்து தலைக்கு மேல்வரை பதினொரு கோடு, ஸ்கேல் வைத்து. தினமும் காலை ஐந்தரைக்கு அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று விரல்களால் ஏற வேண்டும், நாளுக்கு ஒரு கோடு. சோம்பேறித்தனத்தால் இறுகிய கை, ஏவினால் இளகும். நான்காவது கோட்டுக்கு மேல் விரல்கள் ஏறவில்லை, பல்லிபோல அங்கேயே ஒட்டிக்கொண்டு நடுங்கின. “ஒன், டூ. ஏட்டி, எண்ணுதேன்லா? த்ரீ.” அவள் நெற்றியைச் சுவரில் முட்டினாள். “முடியலங்க, நாளைக்குப் பார்ப்போம்ங்க.” அனு அப்போது பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஏழு மாத வயிற்றோடு வாசற்படியில் நின்று, “யப்பா, விடுங்க, அம்மாவுக்கு மூச்சு வாங்குது” என்றாள். “நீ உள்ள போ. இளக வேண்டாமா? இளகாட்டி யாரு சோறு பொங்குவா?” என்றார். ஒரு கையால் வெள்ளத்தாயின் தோளை அமுக்கி, ஒரு கையால் முழங்கையைப் பிடித்து, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு என்று ஒரே வீச்சில் ஏற்றினார். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. ஈரச் சேலையைக் கிழிக்கிற மாதிரி, ஆனால் உள்ளேயிருந்து, சதைக்குள்ளேயிருந்து. அவள் கத்தவில்லை. வாய் திறந்தது, எதுவும் வரவில்லை, எச்சில் மட்டும் சுவரில் வழிந்து ஏழாவது கோட்டை அழித்தது. “பாத்தியா, விட்டுட்டு. இறுகிக் கெடந்த பூட்டு விட்டுட்டு” என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். உண்மையாகவே சந்தோஷம்தான், அதைத்தான் இப்போது அவரால் தாங்க முடியவில்லை. அடித்ததெல்லாம் கோபத்தில், இது ஒன்றுதான் நல்லது செய்வதாக நினைத்துச் செய்தது. அன்றைக்கப்புறம் அவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை. குணமாகிவிட்டது என்று டீக்கடையில்கூடச் சொன்னார். “சில பேரு வீட்லயே கையைப் புடிச்சு இழுத்து ஏத்துவாங்க” என்று டாக்டர் அனுவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், “அப்படிச் செஞ்சா நைஞ்சிருக்கிறது முழுசா கிழிஞ்சிரும். அப்புறம் வலி குறைஞ்ச மாதிரி இருக்கும். பலம் சுத்தமா போயிரும்.” மகள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று தங்கப்பழம் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார். அதற்கும் கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

“கடைசியா ஒண்ணு. நான் கையைப் பக்கவாட்டுல தூக்கிப் பிடிப்பேன். விடும்போது டக்குனு போடாம, மெல்ல மெல்ல இறக்கணும்.” டாக்டர் முழங்கையின் அடியில் தாங்கி அவர் கையை ஏற்றினாள். தாங்குதலோடு ஏறியபோது வலியே இல்லை. தோள் உயரத்துக்குக் கை மிதந்து போனது. அந்தச் சிறிய உள்ளங்கை முழங்கையின் கீழ் இருப்பதில் என்னவோ ஒரு சுகம். இப்படித்தான் வெள்ளத்தாய் தன் கையைத் தானே தாங்கி ஏற்றிக் கம்பியில் வைத்தாள். அப்போது வலித்திருக்காது. வைத்தபோது வலித்திருக்காது. “விடுறேன்” என்றாள் டாக்டர். விட்டாள். அவர் மனசு வைத்தார். நானூறு பையன்களுக்கும் சேர்த்து மனசு வைத்தார். ஒரு கணம் கை நின்றது, பிறகு அது அவருடையதாக இல்லை, அறுந்த மாதிரி விழுந்து ஸ்டூலின் இரும்பு விளிம்பில் மோதியது. எலும்பில் அடிபட்ட சத்தம். அனு எழுந்துவிட்டாள். “இதுதான்” என்றாள் டாக்டர், அமைதியாக எழுதிக்கொண்டே. “நல்லாக் கிழிஞ்சிருக்கு. ஸ்கேன் எடுத்துருவோம். அதுவரைக்கும் கனம் தூக்காதீங்க. முக்கியமா பஸ்ல போனா இந்தக் கையால கம்பியைப் பிடிச்சு நிக்காதீங்க. வச்ச இடத்துல கொஞ்ச நேரம் இருக்கும், நிக்குதுன்னு நம்பிருவீங்க. வண்டி ஒரு வளைவுல திரும்புச்சுன்னா தானா விட்டுரும்.”

வளைவு என்றாளா, அவருக்கு அப்படிக் கேட்டதா? சட்டையை எடுக்க இடது கை போனது. அனு முந்திக்கொண்டாள். அவர் கையைச் சட்டைக்குள் நுழைத்தாள், ஒரு பொத்தான் போட்டாள், இரண்டாவது போட்டாள். மூன்றாவதில் விரல்கள் நின்றன. “யப்பா.” “ம்.” “அன்னைக்கு அம்மா எந்தக் கையால பிடிச்சிருந்தா?” தலைசுற்றல் என்ற வார்த்தை நாக்கின் நுனிவரைக்கும் வந்தது, மூன்று வருஷப் பழக்கம், விசில் கேட்டால் கால் சேர்ந்து நிற்கிற மாதிரி. சர்க்கரை, சாப்பிடவில்லை, தலைசுற்றல். அதற்குப் பின்னாலேயே பிணவறை வந்தது. அவளைக் காட்ட அவர்கள் துணியை விலக்கியபோது மண்டை ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது, அதை அவர் பார்த்தார், தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது கைதான். விழுந்தபடியே விறைத்துப்போய் வலது கை தலைக்கு மேல் காதோடு ஒட்டி நேராக நீண்டிருந்தது, வளைவில்லாமல், நடுக்கமில்லாமல், பதினோராவது கோட்டுக்கும் மேலே. பிணவறை ஆள் அதைக் கீழே இறக்கப் பார்த்தான், இறங்கவில்லை, முழங்காலை ஊன்றி அழுத்தினான். அவன் அழுத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அவர் வாயில் ஒன், டூ என்று ஓடியது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. அனுவின் விரல்கள் பொத்தானில் இருந்தன. அவள் தாயைப்போலவே பார்த்தாள், சும்மா, மணி என்ன என்பதுபோல. சொன்னால் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இந்தப் பார்வை மாதம் இரண்டு முறை குழம்பு வைக்கும்.

“இடது கையாலதான் பிடிச்சிருந்தா” என்றார். குரல் யாருடையதோபோல இருந்தது. “நாந்தான் மாத்திப் பிடிக்கச் சொன்னேன். வலது கையால பிடின்னு கத்துனேன். பஸ்ஸுக்குள்ள சிரிச்சாவ. மாத்திட்டா. நான் டீ குடிக்கப் போயிட்டேன்.” டாக்டர் எழுதுவதை நிறுத்தி இருவரையும் பார்த்தாள், ஒன்றும் புரியாமல் மறுபடி எழுதினாள். அனு மூன்றாவது பொத்தானைப் போட்டாள். நான்காவதைப் போடவில்லை. பைலை எடுத்துக்கொண்டாள். “தலைசுத்தல்னு சொன்னீங்க” என்றாள், மெதுவாக. “சொன்னேன்.” “நானும் எல்லார்ட்டயும் அதத்தான சொன்னேன். எம்புள்ளைட்ட கூட ஆச்சிக்குத் தலைசுத்திருச்சுன்னு சொன்னேன்.” அவர் போடாத நான்காவது பொத்தானை இடது கையால் துழாவினார். “ஸ்கேனுக்குப் பேரு குடுத்துட்டு வாரேன், இருங்க” என்று கதவைத் திறந்தாள். வாரேன் என்றாள். அதை அவர் பிடித்துக்கொண்டார், பிடித்த கையிலேயே அது நழுவியது. வாரேன் என்றுதான் எல்லாரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தாள். அவர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார், வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வரிசையில் அனு முதுகைக் காட்டி நின்றாள். அவள் திரும்பிப் பார்ப்பாளா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மதியம் தனியாக வீட்டுக்குப் போனால் ரசமாவது வைக்க வேண்டுமே, புளி எங்கே இருக்கிறது என்று நினைத்தார். புளி கீழே இருக்கிறது. உப்பு கீழே. மிளகாய்த்தூள், அரிசி, தட்டு, முகம் பார்க்கிற கண்ணாடி, எல்லாமே இடுப்புக்குக் கீழே, தரையில் வரிசையாக. மூன்று வருஷமாகக் குத்தவைத்து எடுத்துத்தான் சமைக்கிறார், ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை. கை மேலே ஏறாமல்போன பிறகு அடுப்படியில் வெள்ளத்தாய் ஒழித்துவைத்த மேல்தட்டு இரண்டும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.